ரேடியோக்காரனுக்கு உயிர் எத்தனை?

மே 29, வியாழன்

கொலைகாரனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சாகப்போகிறவர்களை முதலில் செய்ய வேண்டும். இது என் கொள்கை. கழுத்து யாருடையது என்று தெரியாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பவன் முட்டாள்.

இந்த டைரி பெனாசிர் கொடுத்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஏதோ மாத்திரைக் கம்பெனி கொடுத்ததாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாயுத்தொல்லைக்கு ஒரு விளம்பரம். போன ஆட்டத்தில் செத்துப்போன பாதிரியாரை நான் மறந்துபோய் மறுபடி நடக்கவிட்டுவிட்டேன். அந்தக் கடுப்பில், எழுதி வைத்துத் தொலை என்று நீட்டினாள். எழுதுகிறேன், தாயே.

ஆட்டம் பெரிய வித்தை இல்லை. ஒரு மேஜை, நாலு பேர், இரண்டு பகடை, கொஞ்சம் பேப்பர். மூன்று பேர் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். நான் கதை சொல்வேன். கதவு தானாகத் திறக்கிறது, என்ன செய்கிறாய் என்பேன். செய்வதை அவர்கள் சொல்வார்கள், பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எங்களுடையது வெட்டுக்குத்து ஆட்டம். ஓரிடத்தில் மாட்டிக்கொண்ட ஆட்கள், ஒரு கொலைகாரன், ஒவ்வொருவராகக் காலி. உயிரோடு வெளியே வந்தவன் ஜெயித்தவன். ஞாயிறு மதியம், இரண்டு தெரு தள்ளி ஜெரால்டு வீட்டு மாடியில் நடக்கும். கீழே அவன் அப்பாவின் ஃப்ளெக்ஸ் கடை. கண்ணீர் அஞ்சலி அடித்து வீணான தாள்களின் பின்பக்கத்தில்தான் எங்கள் வரைபடம் எல்லாம்.

புது ஆட்டத்துக்கு இடம் பிடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்திய படமெடுப்புக்காக மலையேறும் ஒரு வேன். பனி. மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை.

ஜூன் 1, ஞாயிறு

பாத்திரம் செய்யும் நாள். எங்கள் மேஜையில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் ஆள் பிறப்பான். உனக்கு என்ன நன்றாக வரும், என்ன சுத்தமாக வராது, கையில் என்ன வைத்திருக்கிறாய், உன்னைக் காணோம் என்றால் யார் தேடி வருவார்கள். நாலாவது நான் சேர்த்தது. தேட ஆளில்லாதவன் சீக்கிரம் சாவான் என்பது கணக்கு. அதற்காகத் தேட ஆளிருப்பவன் ரொம்பத் துள்ள வேண்டாம், வருகிறவர்கள் பிணத்தை எண்ணத்தான் வருவார்கள்.

பெனாசிர் மேக்கப்காரி சுகுணாவைச் செய்தாள். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பாள், படியேறினால் மூச்சு வாங்கும், பையில் ஹேர் ஸ்பிரே. தேடி வருவது தங்கை. ஜெரால்டு டிரோன் பறக்கவிடும் பாபு. அவனுக்கு எல்லாமே நன்றாக வருமாம். வராததாக ஒன்றையாவது சொல்லுடா என்று அரைமணி நேரம் கெஞ்சி, பொறுமை வராது என்று எழுத வைத்தோம். தவமணி நிஜத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஆட்டத்திலும் வேன் டிரைவர்தான். கற்பனையில்கூட அவனால் ஸ்டியரிங்கை விட முடியாது. கையில் ஜாக்கி லிவர்.

"ஒன்னைய யாருடா தேடி வருவா?" என்றேன்.

"வேன் ஓனரு. என்னைய இல்ல, வேன."

சிரித்து முடித்ததும் பெனாசிர் என் பக்கம் திரும்பி, உனக்கு யார் என்று கேட்டாள். கதை நடத்துகிறவனுக்குப் பாத்திரம் கிடையாது, இது அடிப்படை விதி என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் பைக் உதிரிபாகக் கடையில் கூட்டமில்லை. பிரேக் ஷூ கேட்டு ஒருவன், இண்டிகேட்டர் பல்பு கேட்டு ஒருவன். அப்பா சரக்கெடுக்கப் போயிருந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடியே கொலைகாரனைச் செய்து முடித்துவிட்டேன். எந்தக் கொலைகாரனும் இவ்வளவு சுளுவாக என்னிடம் வந்ததில்லை.

முகமூடி வேண்டாம். இவன் சலவைச் சட்டை போட்டவன், தொழிற்சாலையின் பழைய மேஸ்திரி. பெயர் ரேடியோக்காரன். ஓடமாட்டான், அவசரப்படமாட்டான். அறைக்குள் வருவதற்கு முன் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவான், வெளியே யாருக்கும் எதுவும் கேட்கக் கூடாது. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி உயரமான இடமாகப் பார்த்து வைப்பான், கண்ணாடி கீறிவிடக் கூடாதல்லவா. பிறகு உள்ளே வந்து, சாப்பிட்டியா என்பான். ஆமாம் என்றாலும் அடி, இல்லை என்றாலும் அடி.

ஆயுதம் கிளட்ச் கேபிள். உறையோடு அடித்தால் தோல் கிழியாது, உள்ளே மட்டும் கன்றிப்போகும். உறையை உரித்துவிட்டு வெறும் கம்பியால் அடித்தால் கத்தி தோற்றது. தேயிலைத் தொழிற்சாலையில் கிளட்ச் கேபிள் எப்படி வந்தது என்று ஜெரால்டு நோண்டுவான். மேஸ்திரியிடம் பழைய பைக் இருந்தது என்று சமாளிக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் பிணத்தின் பக்கத்தில் சீனிப்பாகு ஊறிய ஒரு பால்பன் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவான். இது எங்கிருந்து வந்து விழுந்ததோ தெரியவில்லை. மதுரைக்காரன் மூளை, தித்திப்பில்லாமல் ஒரு கொலைகூடச் செய்யாது.

ஜூன் 5, வியாழன்

வீட்டில் டிவி சத்தம். எழுத ஓடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இடது காதில் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது. ஹெல்மெட் இறுக்கமாக இருக்கும், மாற்ற வேண்டும்.

எதிர்வீட்டு வாத்தியார் வாசலில் பிடித்துக்கொண்டு அப்பாவைப் புகழ்ந்து தள்ளினார். ராத்திரி விவாத நிகழ்ச்சி அவர் வீட்டு மாடி வரைக்கும் கேட்டதாம். இந்தக் காலத்தில் நாட்டு நடப்பில் இவ்வளவு அக்கறையுள்ள மனிதர் யார் இருக்கிறார் என்றார். தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் ஆட்டோ பிடித்துக் கொடுப்பது அப்பாதான், குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு எழுதுவதும் அவர்தான். நான் தலையாட்டினேன். வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு ஆட்டினேன்.

கடையை மூடிவிட்டு வரும்போது அப்பா பால்பன் வாங்கி வந்தார். சூடாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

முதல் ஆட்டம். கல்யாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். அவர்களை யாரும் ஆடவில்லை, சாவதற்காகவே கூட்டி வந்தவர்கள். மாப்பிள்ளை இலை நசுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பதுங்கினான். ரேடியோவில் வானிலை அறிக்கை சத்தமாகக் கேட்டது. கேபிள் முதலில் முதுகில் விழுந்தது, அப்புறம் காதில், அப்புறம் கை தூக்கிய இடத்திலெல்லாம். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிய, 'சாப்பிட்டேன், சாப்பிட்டேன்' என்று கத்தியே செத்தான். இயந்திரத்தின் பித்தளைத் தட்டில் மிச்சத்தை ஏற்றி விசையைப் போட்டான் ரேடியோக்காரன். இலையும் சதையும் ஒன்றாகச் சுருண்டு வந்தது. ஜெரால்டு கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டான். அதுதான் எனக்குக் கைதட்டல்.

பிரச்சினை அப்புறம் வந்தது. தவமணியின் டிரைவர் பின்னாலிருந்து பாய்ந்து ஜாக்கி லிவரால் அவன் மண்டையில் ஒரே போடு. பகடையில் இரண்டு ஆறு. அதற்கு மேல் எண்ணே கிடையாது.

படவில்லை என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான் என்றேன்.

"ரெண்டு ஆறு விழுந்துருக்குடா. அவன் என்ன சாமியா?" என்றான் தவமணி.

ஜெரால்டு எட்டி என் பேப்பரைப் பிடுங்கினான். எங்கள் ஆட்டத்தில் எல்லாப் பாத்திரத்துக்கும் உயிர் பத்து. பத்து வட்டம் போட்டு, அடி வாங்க வாங்க அடித்துக்கொண்டே வருவோம். ரேடியோக்காரன் தாளில் அந்த இடம் காலி.

"இவனுக்கு உயிரே போடலடா."

மறந்துவிட்டேன் என்றேன். சரி இப்பப் போடு என்று பேனாவை நீட்டினான். பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இவன திருப்பி அடிக்க முடியாது," என்றேன்.

"ஏன்?"

"முடியாது. அம்புட்டுத்தான்."

தவமணி பகடையைத் தூக்கி வீசிவிட்டான். அடிக்கவே முடியாதவனோடு என்ன மயிருக்கு ஆடுவது என்றான். பெனாசிர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

உயிர் போட உட்கார்ந்தேன். பத்து என்றால் குறைச்சல். இருபது போட்டு அடித்தேன், ஐம்பது போட்டு அடித்தேன். தாள் கிழிந்ததுதான் மிச்சம், புதுத் தாளிலும் அந்த இடம் காலிதான்.

தவமணி சொல்வதும் நியாயம்தான். ஆள் ஒன்றும் பயில்வான் இல்லை, அறுபதை நெருங்குகிறவன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். நானே அவனைவிட ஒரு சாண் உயரம். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். தோளுக்கு மேல் வளர்ந்தவனைத் தலையைக் குனியச் சொல்லி அடிக்கிறவனை என்னவென்று சொல்வார்கள் என்று எவனும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

ரேடியோக்காரனோடு நான் எதற்கு உயரம் அளக்கிறேன்? மேலே எழுதியதை அடித்துவிட வேண்டும். பேனா சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதை எழுதும் ஒரு சின்னக் கம்பெனி. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். நாலு பேரைக் கொன்று காட்டச் சொன்னார்கள், காட்டினேன், பிடித்துப்போய்விட்டது.

வரவில்லை என்று எழுத உட்கார்ந்தபோது அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு என் தோளைப் பிடித்தாள்.

"நீ போய்யா. எனக்குப் பழகிப்போச்சு."

எது பழகிவிட்டது என்று நான் கேட்கவில்லை. தனியாக இருப்பதைச் சொல்லியிருப்பாள். நான் போய்விட்டால் வீட்டில் மிச்சமிருப்பது அவள் ஒருத்தி, டிவி ஒன்று. இரண்டு பேருக்குப் பங்குபோட்டதை அவள் ஒருத்தி எப்படித் தாங்குவாள்? போகமாட்டேன். வேலை எங்கே போய்விடும்.

ஃபிரிட்ஜ் மேல் அப்பாவின் கைக்கடிகாரம் இருந்தது. எடுத்து ஆணியில் மாட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். ஜெரால்டின் பாபு செத்தான். பொறுமை வராது என்று எழுதியதுதான் அவனுக்கு எமன். டிரோனைத் தேடி உலர்த்தும் அறைக்குள் தனியாகப் போனான். ரேடியோ சத்தம் கூடியது. கதவுக்குப் பின்னால் ஒளிகிறேன் என்றான் ஜெரால்டு. ஒளிந்தவனை முடியைப் பிடித்து இழுத்து வந்து, உரித்த கம்பியால் முட்டிக்குக் கீழே அடித்தேன், எலும்பு தெரியும் வரை. நடக்க முடியாதவனைச் சூடேறிய அடுப்பு வாய் வரைக்கும் தவழவிட்டேன். ஜெரால்டு ஒரு கட்டத்தில் போதும்டா, கொன்றுவிடு என்றான். எங்கள் மேஜை வழக்கப்படி செத்தவன் தாளை அவனே கிழிக்க வேண்டும், அன்றைய டீயும் அவன் தலையில். கிழித்தான்.

பெனாசிர்தான் அப்போது விஷயத்தைப் பிடித்தாள். அவள் சுகுணாவாகப் பேசினாளா பெனாசிராகப் பேசினாளா தெரியவில்லை.

"சத்தம் கூடுறப்ப அவன் இன்னும் உள்ள வரல. வாட்ச்சக் கழட்டி வைக்கணும், அப்புறந்தான் வருவான். அந்த நேரம் நமக்குத்தான். ஒளியக்கூடாது, பிரியக்கூடாது. சத்தம் வந்த பக்கமே எல்லாரும் சேந்து போகணும்."

அவனை நோக்கியே போவதா, பைத்தியமா என்றேன். அவன் சத்தத்தைக் கூட்டுவதே பயத்தில்தான் என்றாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிறவன் எப்படிச் சாமியாவான் என்று கேட்டாள். இருபத்துநாலு வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லை. அதாவது, இந்தப் பாத்திரத்தைச் செய்த நாளிலிருந்து.

டீக்கடையில் ஜெரால்டு எல்லோருக்கும் பால்பன் சொன்னான். வேண்டாம் என்றேன். ஒரு கடி கடி என்று வாயருகே கொண்டுவந்தான். வாந்தி வந்துவிட்டது. வெயில்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு வீக்கம். கட்டுத்துணி வாங்கப் போனேன். பெனாசிர் எடுத்து வைத்துவிட்டு பில் போடாமல் நின்றாள்.

"ஒங்க வீட்டு பாத்ரூம்ல எத்தன தடவ வழுக்கும், சோலை?"

டைல்ஸ் சரியில்லை என்றேன். நீ செய்த கொலைகாரன் எந்த ஊர் என்று கேட்டாள். மலை என்றேன். மலையில் பால்பன் கிடைக்குமா என்றாள். கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல பெண்தான், ஆனால் வாய் அதிகம்.

ஜூன் 20, வெள்ளி

வேலை விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பைக் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகக்கூடாதாம். ஆட்டத்தைப் போனிலேயே நடத்திவிடலாம் என்று மூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன்.

அம்மாவும் நானும் கிசுகிசுவென்று பேசினோம். கோயம்புத்தூரில் இருக்கும் மாமாவிடம் நமக்கு ஒரு சின்ன வீடு பார்க்கச் சொல்லிவிட்டேன் என்றாள். நமக்கு என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டு நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. இன்று எழுதுகிறேன். மழுப்பாமல் எழுதப் போகிறேன். டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஹெல்மெட்டும்தான்.

ஞாயிறு மதியம் அப்பா கடையில் இருந்தார். நான் என் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஜெரால்டு வீட்டு மாடியில் கூடியிருந்த மூன்று பேரோடும் ஆட்டத்தை ஆரம்பித்தேன். சுகுணாவும் டிரைவரும் தொழிற்சாலை மாடியில் மாட்டியிருந்தார்கள். அப்போது வாசல் கதவு திறந்தது. அப்பா பாதியிலேயே கடையை மூடிவிட்டு வந்திருந்தார். மாமா வெள்ளந்தி. சந்தோஷத்தில் அவருக்கே போன் போட்டு, அக்கா இங்கே குடி வருகிறதாமே, நீங்களும் வருகிறீர்களா மச்சான் என்று கேட்டிருக்கிறார்.

டிவி சத்தம் ஏறியது. இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்தினார்கள்.

"டேய், எஃபெக்ட்டெல்லாம் பட்டையக் கெளப்புதுடா," என்றான் தவமணி போனில்.

நான் கதையை நிறுத்திவிட்டேன். பிறகு பெனாசிர் குரல், ரொம்பத் தாழ்வாக.

"சோலை, வாட்ச்சக் கழட்டிட்டாரா?"

கழட்டிட்டானா என்று கேட்கவில்லை. கழட்டிட்டாரா என்று கேட்டாள். கதவிடுக்கு வழியாக ஹால் தெரிந்தது. அவர் ஃபிரிட்ஜ் மேல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ம்," என்றேன். இருபத்துநாலு வருஷத்தில் வெளி ஆளிடம் நான் சொன்ன முதல் உண்மை அந்த ஒரு எழுத்துதான். போன் அப்படியே கட்டாகிவிட்டது.

அவர் என் அறைப்பக்கம் வரவில்லை. அடுக்களைக்குப் போனார். சாப்பிட்டியா என்று அம்மாவைக் கேட்டது காதில் விழுந்தது. அம்மா, இல்லைங்க, உங்களுக்காகத்தான் என்று ஆரம்பித்தாள். கேபிள் காற்றில் போகும் சத்தம் எனக்குத் தெரியும், டிவி எவ்வளவு கத்தினாலும் தெரியும். அவர் உறையை உரித்திருந்தார்.

நான் போனபோது அம்மா அடுப்பு மேடைக்குக் கீழே சுருண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடியிருந்தாள். அவர் கட்டின் மேலேயே அடித்தார். துணி கிழிந்து, தோல் கிழிந்து, ரத்தம் சுவரில் தெறித்தது. குழம்புச் சட்டி கவிழ்ந்து புளியும் ரத்தமும் ஒன்றாக ஓடியது. அம்மா கத்தவே இல்லை. அவளுக்குக் கத்தாமல் அடிவாங்கப் பழகிப்போச்சு. அதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

கேபிள் மறுபடி மேலே போனபோது மணிக்கட்டைப் பிடித்தேன். பிடிப்பேன் என்று நினைக்கவில்லை, கை போய்விட்டது. கடிகாரம் இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. அந்த மணிக்கட்டு என் கைக்குள் முழுசாக அடங்கியது. அடங்கி, மிச்சமும் இருந்தது. இதற்கா? இந்த முருங்கைக்காய்க்கா நான் இத்தனை வருஷம் குனிந்தேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்.

"கைய விடுறா, நாயே."

விடவில்லை. இன்னொரு கையால் குக்கர் மூடியை எடுத்து என் நெற்றியில் அடித்தார். புருவம் பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. மறுபடி அடித்தார், வாயில். பல் ஒன்று நாக்கின் மேல் விழுந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொன்றிருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எட்டி உதைத்தார், கடித்தார், என் அம்மாவைப் பற்றியும் என் பிறப்பைப் பற்றியும் சொல்லக் கூடாததையெல்லாம் டிவிக்கு மேல் கத்தினார்.

வாசல் கதவு உடைகிற மாதிரி அதிர்ந்து திறந்தது. மூன்று பேரும் ஒரே லோடு ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். தவமணி கையில் நிஜமான ஜாக்கி லிவர். ஜெரால்டு கையில் ஏனோ ஃப்ளெக்ஸ் வெட்டும் ஸ்கேல். பெனாசிர் கையில் ஒன்றுமில்லை. அவள் அடுக்களைப் பக்கம்கூட வரவில்லை. நேராக டிவியிடம் போய் சுவிட்சை அணைத்தாள்.

அப்பா கத்திக்கொண்டிருந்த வசவு பாதியிலிருந்து முழுசாக வெளியே கேட்டது. தெருவில் அந்தக் குரல் அப்படியே போய் விழுந்தது. லோடு ஆட்டோ வந்த வேகத்தைப் பார்த்து ஜனம் ஏற்கெனவே வாசலில் கூடியிருந்தது. எதிர்வீட்டு வாத்தியார் கைலியோடு படியில் நின்றார். அப்பா வாயைத் திறந்தபடியே அவரைப் பார்த்தார். என் கைக்குள் அந்த மணிக்கட்டு தளர்ந்தது. கேபிள் கீழே விழுந்தது. ஒரு நிமிஷத்தில் ஆள் சுருங்கிப்போனார்.

"ஒண்ணுமில்ல சார், குடும்ப விஷயம்," என்றார்.

வாத்தியார் அம்மாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அவரே உள்ளே வந்து அம்மாவின் காலைப் பிடித்துத் தூக்க உதவினார். இத்தனை நாள் டிவி என்றல்லவா நினைத்தேன் என்று ஆட்டோ வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்மாவுக்குக் கையில் எலும்பு முறிவு, தையல். எனக்குப் புருவத்தில் தையல், ஒரு பல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே காவல் நிலையம். எப்படி அடிபட்டது என்று புகார் எழுதும் போலீஸ்காரி கேட்டபோது என் வாய் பழக்கத்தில் வழுக்கி என்று ஆரம்பித்தது. அம்மா குறுக்கே வந்தாள்.

"வீட்டுக்காரர் அடிச்சது," என்றாள். "கம்பியில."

ஜூன் 26, வியாழன்

ஜெரால்டு வீட்டு மாடியில் இருக்கிறோம். சித்தப்பாக்கள் வரிசையாகப் போன் செய்கிறார்கள். குடும்பம் என்றால் நாலும் இருக்குமாம். நாலில் எது எலும்பு முறிவு என்று கேட்டேன், வைத்துவிட்டார்கள்.

சாயந்தரம் கடைப்பையன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். அண்ணாச்சி கொடுத்துவிட்டார் என்றான். பிரிக்காமலே தெரிந்தது, சீனிப்பாகு தாளில் ஊறியிருந்தது. நான் தூக்கி எறியக் கை நீட்டினேன். அம்மா தடுத்து, இடது கையால் வாங்கி, அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அவரையே திங்கச் சொல்லு."

ஜூன் 29, ஞாயிறு

நாளைக்கு கோயம்புத்தூர் பஸ். மாமா வீடு பார்த்துவிட்டார், தன் வாயைத் தானே அறைந்துகொண்டு பார்த்தாராம். அதற்குள் ஆட்டத்தை முடித்தே ஆக வேண்டும் என்று தவமணி ஒற்றைக்காலில் நின்றான். அரைகுறையாக ஒருத்தனை உயிரோடு விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகக்கூடாதாம்.

மேஜையை இழுத்துப் போட்டோம். ரேடியோக்காரன் தாளை நடுவில் வைத்தேன். மூன்று பேரும் அந்தக் காலி இடத்தையே பார்த்தார்கள். பேனாவை எடுத்துப் பத்து வட்டம் போட்டேன். எல்லோருக்கும் உள்ள அதே பத்து. போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பாபு செத்துவிட்டதால் ஓர் இடம் காலியாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை பெனாசிர் மேஜைக்கு இழுத்து வந்துவிட்டாள். இந்த வயதில் என்ன விளையாட்டு என்றாள் அம்மா, ஆனாலும் உட்கார்ந்தாள். நாலு கேள்வியையும் பெனாசிர் கேட்டாள். கல்யாணப் பார்ட்டிக்குச் சமைக்க வந்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். என்ன நன்றாக வரும்? பொறுத்துக்கொள்ளத் தெரியும் என்றாள். கொஞ்சம் யோசித்து, அதை வராததில் எழுதிக்கோ என்றாள். கையில் என்ன? அருவாமனை.

"ஒங்களக் காணோம்னா யாரும்மா தேடி வருவா?"

அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தவமணியின் ஜாக்கி லிவர் இன்னும் மூலையில் சாத்தியிருந்தது.

"நான் காணாமப் போகலையே. சொல்லிட்டுல்ல கெளம்புறேன்."

நான் கதையைத் தொடங்கினேன். தொழிற்சாலையின் கீழ்த்தளம், பனி, ரேடியோ சத்தம் கூடுகிறது, அவன் கடிகாரத்தைக் கழற்றுகிறான். யாரும் ஒளியவில்லை. மூன்று பேரும் சத்தம் வந்த பக்கமே நடந்தார்கள். சுகுணா ரேடியோவை அணைத்தாள். டிரைவர் கதவை மறித்து நின்றான். ரேடியோக்காரன் சமையல்காரியைப் பார்த்து, சாப்பிட்டியா என்றான். அம்மாவிடம் பகடையைக் கொடுத்தேன். ஏழுக்கு மேல் விழுந்தால் படும் என்றேன். கட்டுப்போட்ட கை மடியில் கிடக்க, இடது கையால் உருட்டினாள். ஐந்தும் நாலும்.

அருவாமனை அவன் தோளில் இறங்கியது என்றேன். எலும்பில் போய் நின்றது, சலவைச் சட்டை சிவப்பாக ஊறியது, கேபிள் கீழே விழுந்தது. தாளில் மூன்று வட்டத்தை அடித்தேன். அம்மா குனிந்து அந்த மூன்றையும் பார்த்தாள்.

"அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்மா."

அம்மா பகடையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ உருட்டலாமா?"